கவுன்சிலில் காசில்லை, கிறிஸ்துமஸ் விளக்குக்கு யார் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நவம்பர் பிறந்தால் ஊருக்கு ஊர் இந்தச் சண்டை தொடங்கிவிடும். நூலகம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, சாலையெல்லாம் குழி, உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு வீட்டுக்கு வீடு கட்டும் கவுன்சில் வரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, இதில் கடைத்தெருவுக்கு அலங்கார விளக்கு ஒரு கேடா என்பார் ஒருவர். நாலு மணிக்கே இருட்டிப்போகிற மாதத்தில் ஊர் கொஞ்சமாவது களையாக இருக்க வேண்டாமா என்பார் இன்னொருவர். அங்கே வீடு வாங்கி வரி கட்டும் தமிழ்க் குடும்பங்களும், அந்தக் கடைத்தெருவிலேயே கடை வைத்திருக்கும் தமிழர்களும் இந்த வழக்கில் கட்சிக்காரர்கள்தாம். அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்துச் சொன்னவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறுபடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: கொடுக்கலாமா, கூடாதா?

எந்தக் கவுன்சில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஊருக்கென்றே தனியாக இருக்கும் சின்ன டவுன் கவுன்சில், இவ்வளவு ஆகும் என்று வெளிப்படையாகச் சொல்லி, வரியில் சேர்த்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடனில் மூழ்கி அரசிடம் கையேந்தி நிற்கும் பெரிய கவுன்சில் கொடுக்கக் கூடாது. பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிட்டு விளக்குப் போடும் கவுன்சில், பெரிதோ சிறிதோ, செய்வது தவறு. ஏன் கழிப்பறையை இழுக்கிறேன் என்பது கீழே வரும்.

கவுன்சில்களுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

2010-11க்கும் 2017-18க்கும் இடையில் மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகமே 2018இல் இதைச் சொன்னது: 49 சதவீதம். அதே காலத்தில் முதியோர் பராமரிப்பு, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் டாக்ஸிகள், வீடில்லாதவர்களுக்குத் தற்காலிக இருப்பிடம் எல்லாவற்றின் செலவும் ஏறியது. இவை சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. கையில் காசில்லை என்று கவுன்சில் தட்டிக்கழிக்க முடியாது.

வரியை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 முதல், சமூகப் பராமரிப்பைக் கவனிக்கும் கவுன்சில்கள் ஆண்டுக்கு 5 சதவீதத்தைத் தொட்டால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எந்தத் தலைவருக்கும் அந்தத் துணிச்சல் வருவதில்லை; பெரும்பாலோர் 4.99இல் நிறுத்திக்கொள்கிறார்கள். அரசு தனி அனுமதி கொடுத்ததால் தெற்கு லண்டனின் குரோய்டன் 2023இல் ஏறத்தாழ 15 சதவீதமும், பர்மிங்ஹாம் 2024இல் ஏறத்தாழ 10 சதவீதமும் ஏற்றின. குரோய்டனில் இருக்கும் தமிழ் வீடுகளில் அந்த ஏப்ரல் மாத பில்லை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பத்திரிகைகள் 'கவுன்சில் திவால்' என்று எழுதும். சட்டப்படி கவுன்சில் திவாலாகாது. வரவைவிடச் செலவு மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால், கவுன்சிலின் தலைமை நிதி அலுவலர் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ் அறிக்கை கொடுத்தாக வேண்டும். அன்றிலிருந்து புதிய செலவுகள் நிறுத்தப்படும். நார்த்தாம்ப்டன்ஷயர் 2018இலும், குரோய்டன் 2020இலும், ஸ்லவ் 2021இலும், தரக் 2022இலும், வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் மூன்றும் 2023இலும் அப்படி அறிக்கை விட்டன. எல்லாவற்றையும் மத்திய அரசின் தலையில் கட்டிவிடவும் முடியாது. வோக்கிங் கடன் வாங்கி வானளாவிய கட்டடங்கள் கட்டியது. தரக் சூரிய மின்சக்தி முதலீடுகளில் கையைச் சுட்டுக்கொண்டது. பர்மிங்ஹாமுக்குப் பெண் ஊழியர்களின் சம ஊதியப் பாக்கியும் சரியாக ஓடாத கணினி அமைப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஊர்களில் எதையும் கிறிஸ்துமஸ் விளக்கு கவிழ்க்கவில்லை.

விளக்குப் போடுவது கவுன்சிலின் கடமையா?

இல்லை. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், வெளியூர்க்காரர்களை ஊருக்கு வரவழைக்கவும் பொழுதுபோக்குக்கும் செலவு செய்யக் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. செய்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 114 அறிக்கை விட்ட கவுன்சிலில், ஏற்கெனவே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் ஒழிய, இது முதலில் வெட்டப்படும் பட்டியலில் இருக்கும்.

என் அம்மாவுக்குப் பராமரிப்பாளர் அனுப்ப ஆளில்லை என்கிறார்கள், தெருவுக்கு மட்டும் விளக்கா?

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு அப்படி ஓடுவதில்லை.

முதலில் பணம் ஒரே பெட்டியில் இல்லை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் இரண்டு அடுக்கு, மூன்று அடுக்குக் கவுன்சில்கள் இருக்கின்றன. முதியோர் பராமரிப்பு, மேல் அடுக்கான கவுன்ட்டி கவுன்சிலின் வேலை. குப்பை அள்ளுவது மாவட்டக் கவுன்சில். அதற்கும் கீழே டவுன் அல்லது பாரிஷ் கவுன்சில், அதாவது ஊர்க் கவுன்சில். இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. விளக்கு, கல்லறைத் தோட்டம், ஊர்க்கூடம், விளையாட்டுத் திடல் எல்லாம் பெரும்பாலும் இவர்கள் பொறுப்பு. உங்கள் கவுன்சில் வரி பில்லை எடுத்துப் பாருங்கள். கவுன்ட்டிக்கு இவ்வளவு, காவல்துறைக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு, மாவட்டத்துக்கு இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் மிகச் சின்னத் தொகைதான் ஊர்க் கவுன்சிலுக்குப் போவது. நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வேறுபாட்டுடன்: இங்கே கட்டாமல் இருந்தால் நீதிமன்றத்திலிருந்து ஓலை வரும். அந்தப் பணத்தை எடுத்து உங்கள் அம்மாவின் பராமரிப்புக்குத் திருப்ப ஊர்க் கவுன்சிலால் முடியாது. அது அவர்கள் வேலையே அல்ல.

ஒரே அடுக்குக் கவுன்சில் உள்ள நகரங்களில் எல்லாம் ஒரே பெட்டிதான். அங்கே அளவைப் பாருங்கள். பேச்சுக்கு ஒரு நடுத்தர ஊரின் விளக்குச் செலவு 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முதியவரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்க வாரத்துக்கு 1,000 பவுண்டை ஒட்டி ஆகும். ஊர் விளக்கு முழுவதையும் அணைத்தால் ஒரே ஒருவருக்கு 40 வாரம் கிடைக்கும். காப்பகத்தில் உள்ள ஒரு குழந்தைக்கு வாரத்துக்குப் பல ஆயிரம் ஆகும். அங்கே அந்தத் தொகை இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்காது.

இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, சில்லறைக் காசு, விட்டுவிடலாம்' என்று முடிக்கும் கவுன்சிலர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. பத்தாண்டுகளாக வெட்டப்பட்ட எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைதான். நூலகம் வைத்திருப்பது 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. ஆனால் எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லாததால் நேரத்தை நறுக்கினார்கள். பொதுக் கழிப்பறை கடமையே அல்ல, அதனால் பூட்டினார்கள். 40,000 பவுண்டில் ஒரு கிளை நூலகத்துக்கு ஓர் ஊழியரை ஆண்டு முழுவதும் வைக்கலாம். விளக்கு உண்மையில் போட்டி போடுவது இவற்றோடுதான். பராமரிப்பு இல்லத்தை எதிரே நிறுத்தினால் விளக்கு எப்போதும் அற்பமாகத் தெரிந்து தப்பித்துக்கொள்ளும், அல்லது எப்போதும் பாவமாகத் தெரிந்து மாட்டிக்கொள்ளும். கழிப்பறையை எதிரே நிறுத்திப் பாருங்கள், விவாதம் ஒழுங்காக நடக்கும். நீரிழிவு உள்ள ஒரு பெரியவர் கடைத்தெருவுக்கு வர முடிகிறதா என்பது டிசம்பருக்கு மட்டுமான கேள்வி அல்ல.

பணம் எதற்குப் போகிறது? மின்சாரக் கட்டணம்தானே பெரிது?

மின்சாரம் கொசுறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கம்பங்களில் 100 அலங்காரங்கள், ஒவ்வொன்றும் 100 வாட், இரவுக்கு 8 மணி நேரம், 40 இரவு. மொத்தம் 3,200 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் 800 பவுண்டு. எல்.இ.டி. வந்த பிறகு இதுவும் தாராளமான கணக்குதான். பல அலங்காரங்கள் 100 வாட்டை எட்டுவதே இல்லை. 2022இல் எரிசக்தி விலை ஏறியபோது லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவின் விளக்குகளைப் பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை மட்டும் எரியவிட்டார்கள்; அதற்கு முன் அவை நாள் முழுவதும் எரிந்துகொண்டிருந்தன. பட்டப்பகலில் எரிந்த விளக்கை அணைக்க ஒரு போரும் விலையேற்றமும் தேவைப்பட்டிருக்கிறது!

பணம் தின்பது ஏற்றுவதும் இறக்குவதும். தெருவுக்குக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்ட, இருபுறக் கட்டடச் சுவர்களிலும் வளையம் வைத்த இரும்பு ஆணிகளைப் பதித்திருப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் இரண்டாம் மாடி சன்னலுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துத் தெரியும். விளக்குக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கருவியை மாட்டி, குறித்த விசைக்கு இழுத்துப் பார்ப்பார்கள். அசையாமல் நின்றால்தான் சான்றிதழ். விக்டோரியா காலத்துச் செங்கல் வெளியே பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உள்ளே சுண்ணாம்பு உதிர்ந்து போயிருக்கும். வளையம் வெளியே வந்துவிட்டால் புதிய இடத்தில் துளை போட வேண்டும், அதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அந்த உரிமையாளர் வெளிநாட்டில் ஏதோ ஒரு முதலீட்டு நிறுவனமாக இருப்பார். தெருவிளக்குக் கம்பத்தில் அலங்காரம் மாட்டுவதென்றாலும் அந்தக் கம்பம் காற்றடிக்கும்போது கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். கம்பம் கவுன்ட்டியுடையது, விளக்கு ஊருடையது என்பதால் அனுமதிக் கடிதமும் காப்பீட்டுச் சான்றும் தனி.

பிறகு ஆளைத் தூக்கும் கிரேன் வண்டி, போக்குவரத்தை நிறுத்தி இரவில் வேலை, ஜனவரியில் அதே வேலை திரும்ப, மீதிப் பத்து மாதம் கிடங்கு வாடகை, உடைந்த விளக்குகளுக்கு மாற்று. விளக்கேற்றும் விழா என்று ஒரு மாலை வைத்தால் மேடை, ஒலிபெருக்கி, சாலை மறிப்பு, வாகனம் மோதாமல் தடுப்புகள், முதலுதவி ஆட்கள் எல்லாம் சேரும். செலவைக் குறைக்க வேண்டுமானால் நான் முதலில் அந்த மாலையைத்தான் வெட்டுவேன். மேயர் ஒரு பித்தானை அழுத்தாவிட்டாலும் விளக்கு எரியும்.

இந்த ஆண்டு காசில்லை, போடாதே என்றால் நிறுத்திவிடலாமே?

பல ஊர்கள் விளக்கைச் சொந்தமாக வாங்குவதில்லை. மூன்றாண்டு வாடகை ஒப்பந்தம் போடுவார்கள். நடுவில் விலகினாலும் பணம் கொடுத்தாக வேண்டிவரும். எனவே முடிவெடுக்கும் தருணம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஆண்டுதான். வெட்டு நடக்கும் ஆண்டில் புதிதாக மூன்றாண்டுக் கையெழுத்துப் போடுவது பொறுப்பற்ற செயல். ஓராண்டுக்கு நீட்டிக்கக் கேட்கலாம், தெருக்களின் எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி பேசலாம்.

லாபம் கடைக்காரர்களுக்குத்தானே, அவர்களே கொடுக்கட்டுமே?

பல பெரிய நகரங்களில் அவர்கள்தாம் கொடுக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு தெருவில் 1959இல் தொடங்கிய விளக்குகள் பொருளாதார மந்தத்தால் 1976, 1977 இரண்டு ஆண்டுகளும் எரியவில்லை; 1978இல் லேசர் ஒளியோடு திரும்பி வந்தன. இப்போது அந்தப் பகுதி வணிகர்களின் அமைப்பு அவற்றை நடத்துகிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி செய்தது. ஒரு பகுதியின் வணிகர்கள் வாக்களித்து, எண்ணிக்கையிலும் சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை கிடைத்தால், அந்தப் பகுதி 'வணிக மேம்பாட்டு மாவட்டம்' ஆகும். சொத்தின் வரி மதிப்பில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூடுதல் தீர்வை. அதிகபட்சம் ஐந்தாண்டு, பிறகு மறுபடி வாக்கெடுப்பு. ஒரு முறை நிறைவேறினால் எதிர்த்து வாக்களித்தவரும் கட்ட வேண்டும்.

சிறு கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லண்டனில் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களில் மளிகை, நகை, துணிக்கடை நடத்தும் நம்மவர்கள் பலர் வாக்குச்சீட்டு வரும் உறையைப் பிரிப்பதே இல்லை. பில் வந்த பிறகு கூச்சல் போடுவார்கள். உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் இருந்தால், குறைந்த மதிப்புள்ள கடைகளுக்கு விலக்கு உண்டா என்று பாருங்கள். பல இடங்களில் உண்டு. விளக்கு உங்கள் கடை வாசல்வரை வருகிறதா, பெரிய கடைகள் உள்ள தெருவோடு நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். காசு கொடுத்தும் இருட்டில் நிற்பது இரட்டை நட்டம்.

தன்னார்வலர்களே செய்யலாமே?

செய்யலாம். கார்ன்வாலில் மௌசல் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1963இல் அங்கே விளக்குகள் தொடங்கின. இன்று சின்னத் துறைமுகம் முழுவதும், தண்ணீரின் மேலேகூட, விளக்கு உருவங்கள் மிதக்கும். ஊரார் கூடிச் செய்வது, நன்கொடையில் நடப்பது. 1981 டிசம்பர் 19 அன்று, புயலில் தத்தளித்த ஒரு கப்பலில் இருந்த எட்டுப் பேரைக் காப்பாற்ற அந்த ஊரின் பென்லீ உயிர்காப்புப் படகு எட்டுப் பேரோடு கடலுக்குப் போனது. பதினாறு பேரும் திரும்பவில்லை. விளக்குகள் அணைக்கப்பட்டன. கணவரைப் பறிகொடுத்த பெண் ஒருவரே அவற்றை மறுபடி ஏற்றச் சொன்னார். இப்போதும் ஆண்டுதோறும் டிசம்பர் 19 இரவு 8 மணி முதல் ஒரு மணி நேரம், சிலுவையையும் தேவதைகளையும் மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அணைக்கிறார்கள்.

இந்த ஊரைக் காட்டி 'பாருங்கள், கவுன்சில் காசே வேண்டாம்' என்று சொல்பவர்கள் இரண்டைக் கவனிப்பதில்லை. மௌசலில் விளக்கு பார்க்க வருபவர்களால் விடுதிகளுக்கும் மதுக்கடைகளுக்கும் குளிர்காலத்தில் வரும்படி உண்டு. நன்கொடைப் பெட்டியில் வெளியூர்க்காரர் போடும் காசும் விழுகிறது. அதோடு, அங்கே ஏணி ஏறத் தெரிந்தவர்களும் மின்வேலை தெரிந்தவர்களும் தலைமுறையாக இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் லண்டனுக்கு ரயிலேறி இரவு எட்டுக்கு வீடு திரும்பும் புறநகரில் தன்னார்வலர் குழு என்பது கடைசியில் ஓய்வுபெற்ற நாலு பேர். அவர்களில் இருவருக்கு முழங்கால் வலி. எனவே தன்னார்வலர் இருக்கும் ஊரிலும் சுவர் வளையச் சோதனை, காப்பீடு, மின் இணைப்பு இந்த மூன்றையும் கவுன்சில் ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறையில் நிற்கும். ஆபத்து உள்ள பகுதியைப் பொது அமைப்பு பார்த்துக்கொண்டு, அழகு பகுதியை ஊரிடம் விட்டுவிடலாம்.

ஸ்காட்லாந்தில் இன்னொரு வழி இருக்கிறது. பழைய நகரங்களுக்கு நிலமும் கட்டடமும் உள்ள பொது நிதி உண்டு. 'காமன் குட்' என்பார்கள். இன்வர்னஸ் நகரம் கிறிஸ்துமஸ் விளக்குக்கு அந்த நிதியிலிருந்து எடுக்கிறது. வரி பில்லில் ஏறாததால் சண்டையும் குறைவு.

விளக்குப் போட்டால் வியாபாரம் உண்மையில் கூடுமா?

கூடும் என்று கவுன்சிலர்கள் அடித்துச் சொல்வார்கள். டிசம்பரில் விளக்கு இல்லாத ஊரிலும் கூட்டம் கூடத்தான் செய்யும். போன டிசம்பரோடு ஒப்பிட்டால் வானிலை, வாகன நிறுத்தக் கட்டணம், ஊர்ப்புறத்தில் புதிதாகத் திறந்த பல்பொருள் அங்காடி எல்லாம் குறுக்கே வரும். விளக்கால் மட்டும் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 'ஒரு பவுண்டு போட்டால் பத்து பவுண்டு வரும்' என்ற பாணியில் யாராவது அறிக்கை காட்டினால், அதை எழுதியவருக்கு யார் சம்பளம் கொடுத்தார் என்று கேளுங்கள்.

விளக்கே பிழைப்பான ஊர் ஒன்று உண்டு: பிளாக்பூல். 1879இல் கடற்கரையில் எட்டு மின்வில் விளக்குகளை ஏற்றியபோது அதைப் பார்க்கவே பெருங்கூட்டம் ரயிலேறி வந்தது. இன்று கடற்கரையோரம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு விளக்குகள். அவை கிறிஸ்துமஸுக்காக வந்தவை அல்ல. கோடை முடிந்த பிறகும் பயணிகள் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஆகஸ்டு கடைசியிலேயே தொடங்கும், அண்மைக் காலத்தில் ஜனவரிவரை நீள்கிறது. இங்கிலாந்தின் மிக ஏழ்மையான ஊர்களில் ஒன்று பிளாக்பூல். அங்கே விளக்கை வெட்டினால் விடுதிக்காரரும் ஐஸ்கிரீம் விற்பவரும் டிராம் ஓட்டுநரும் சேர்ந்து வெட்டுப்படுவார்கள். அந்த ஊரில் கவுன்சில் செலவு செய்வதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் உள்ளூர்க்காரர் மட்டும் பால் வாங்க வரும் கடைத்தெருவுக்கு பிளாக்பூல் வாதம் பொருந்தாது. அங்கே விளக்கு வேண்டும் என்றால் 'எங்களுக்குப் பிடித்திருக்கிறது' என்றே சொல்லலாம். அது ஒரு கௌரவமான காரணம்தான். பொருளாதாரம் என்று அதற்கு வேஷம் கட்ட வேண்டியதில்லை.

எல்லாரும் தாங்களே கொடுத்துக்கொள்ளட்டும் என்றால், வசதியான ஊரில் மட்டும்தானே விளக்கு எரியும்?

ஆமாம், நான் மேலே சொன்ன வழிகளிலெல்லாம் உள்ள ஓட்டை இதுதான். வணிகர் தீர்வை வைக்க வணிகர் வேண்டும். பாதிக் கடைகள் பலகை அடித்துக் கிடக்கும் தெருவில் யாரிடம் தீர்வை வாங்குவது? பெரிய நகரங்களின் ஓரத்தில் கவுன்சில் கட்டிய வாடகைக் குடியிருப்புகளுக்குப் பெரும்பாலும் டவுன் கவுன்சிலும் கிடையாது. நகர மையத்தில் மினுக்கும் மரம், இங்கே ஒன்றுமில்லை. நகரக் கவுன்சில் விளக்குக்கென்று சிறு தொகை வைப்பதாக இருந்தால், அதை வணிகர்கள் ஏற்கெனவே அலங்கரிக்கும் மையத்தில் கொட்டாமல் இந்தத் தெருக்களுக்குக் கொடுக்கலாம். ஒரு பள்ளி வாசல் மரத்தில் சுற்றிய விளக்குச் சரத்துக்கு ஆளைத் தூக்கும் வண்டியும் வேண்டாம், சாலை மறிப்பும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தால் தீபாவளிக்கும் கொடுக்க வேண்டுமே?

கொடுக்கும் ஊர்கள் இருக்கின்றன. லெஸ்டர் நகரின் பெல்கிரேவ் சாலையில் 1980களிலிருந்து தீபாவளி விளக்குகள் எரிகின்றன. அங்கே குஜராத்திகள் அதிகம், விளக்கேற்றும் மாலையில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி கவுன்சில்கள் முடிவெடுக்கும்போது வெவ்வேறு சமூகத்தாருக்கு அதனால் என்ன விளைவு என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒருவருக்கு இத்தனை பவுண்டு என்றால் மற்றவருக்கும் அதே பவுண்டு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

வெட்டு வரும் ஆண்டில் இதை நேர்மையாகச் செய்ய ஒரு வழி: இரண்டையும் ஒரே அளவுகோலில் வையுங்கள். கிறிஸ்துமஸ் 'பாரம்பரியம்' என்று தொடாமல், தீபாவளி 'கூடுதல் நிகழ்ச்சி' என்று மட்டும் வெட்டினால் மக்கள் கவனிப்பார்கள். ஒரே கம்பங்களில், ஒரே இணைப்பில், அக்டோபரில் ஒரு வடிவமும் டிசம்பரில் இன்னொன்றும் மாட்ட முடிந்தால் சோதனைச் செலவு பொதுவாகிவிடும்.

நான் கிறிஸ்தவன் அல்ல. என் வரி ஏன் போக வேண்டும்?

கடைத்தெரு விளக்கில் நட்சத்திரமும் பனிமனிதனும்தான் அதிகம், பெத்லகேம் அபூர்வம். தேவாலயம் போகாத கிறிஸ்தவப் பெயர்க்காரரும் இதே கேள்வியைக் கேட்கிறார். மதத்தைவிடப் பணத்தை வைத்து எதிர்ப்பது உங்கள் வாதத்துக்கு வலு.

ஒரே ஒரு மரம் மட்டும் வைத்தால் போதாதா?

எனக்குப் போதும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 1947இலிருந்து ஆஸ்லோ நகரம் அன்பளிப்பாக அனுப்பும் மரம்தான் நிற்கிறது. அதில் நெடுக்காகத் தொங்கும் எளிய வெள்ளை விளக்குச் சரங்கள் மட்டுமே. மரம் இளைத்துவிட்டது, வாடிவிட்டது என்று ஆண்டுதோறும் கேலி செய்வார்கள், ஆண்டுதோறும் அதன்முன் நின்று படம் எடுப்பார்கள். ஊர்ச் சதுக்கத்தில் வேரோடு ஒரு மரம் நட்டுவிட்டால் அடுத்த ஆண்டு வாங்கும் செலவும் இல்லை. அது வளரும்வரை, சிறியதாக இருக்கிறதே என்ற முணுமுணுப்பைக் கவுன்சிலர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஊரில் எவ்வளவு செலவாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்போது பேச வேண்டும்?

நவம்பரில் பேசிப் பயனில்லை. அப்போது எல்லாம் கையெழுத்தாகி, வண்டி தெருவில் நிற்கும். ஊர்க் கவுன்சில் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வரி கேட்பது என்பதைப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தீர்மானிக்கிறது. பெரிய கவுன்சில் பிப்ரவரியில் பட்ஜெட் போடும். மார்ச் 11க்குள் வரியை முடிவு செய்தாக வேண்டும். ஊர்க் கவுன்சில்களுக்கு மேலே சொன்ன 5 சதவீத வாக்கெடுப்பு வரம்பு இதுவரை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் வரியை இரட்டிப்பாக்கினாலும் தடுக்க வாக்கெடுப்பு வராது. பெரிய கவுன்சில்கள் இணைக்கப்பட்டு, விளக்கும் கழிப்பறையும் ஊர்க் கவுன்சில் தலையில் வந்து விழும் காலம் இது. ஜனவரிக் கூட்டத்தில் பார்வையாளர் நாற்காலிகள் காலியாக இருப்பது வழக்கம். நீங்களும் இன்னும் நாலு பேரும் போனாலே கவுன்சிலர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேட்க வேண்டியவை: ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? ஏற்றி இறக்க எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, விளக்கேற்றும் மாலைக்கு எவ்வளவு? வணிகர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்? அதே ஆண்டில் என்னவெல்லாம் வெட்டப்பட்டன? மொத்தத் தொகையை, ஊரின் எல்லா வீடுகளையும் 'டி' பிரிவு (கவுன்சில் வரியில் நடுத்தரப் பிரிவு) வீடுகளுக்குச் சமமாக மாற்றிக் கணக்கிட்ட எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லச் சொல்லுங்கள். 10,000 வீட்டுக்கு 40,000 பவுண்டு என்றால் வீட்டுக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு. அந்த எண்ணைப் பார்த்த பிறகு சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் கட்சி மாறுவார்கள், இரண்டு பக்கமும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கோடையில் இன்னொரு வாய்ப்பு: ஊர்க் கவுன்சில் ஆண்டுக் கணக்கை முடித்ததும் 30 வேலை நாட்களுக்கு ஊர்க்காரர் எவரும் பில்களையும் ஒப்பந்தங்களையும் நேரில் பார்க்க உரிமை உண்டு, ஜூலையின் முதல் பத்து வேலை நாட்களும் அதில் அடங்கும். சின்ன ஊர்களில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. கவுன்சில் எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பட்ஜெட் தாளை அவரே அனுப்பிவிடுவார்.